மெடல் வாங்கினவங்க போட்டோ போடுறீங்க, பாதில நின்னவங்கள பத்தியும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் புதுச்சேரி லாஸ்பேட்டைல இருக்கேன், பொறந்து வளந்தது கடலூர் மஞ்சக்குப்பம். ஒரு ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ் வேலை, வயசு நாப்பத நெருங்குது, ரெண்டு பசங்க. கொஞ்ச வருஷமா பிரேசிலியன் ஜியு ஜிட்சு கத்துக்கிட்டு இருக்கேன். இன்னும் வெள்ளை பெல்ட் தான், அதனால டெக்னிக் பத்தி யாருக்கும் பாடம் எடுக்கற தகுதி எனக்கு இல்ல, நான் எழுதறது வேற விஷயம்.

உங்க பேப்பர்ல தற்காப்புக் கலை செய்தி வந்தா எப்பவும் ஒரே மாதிரி தான் இருக்கு. பசங்க வரிசையா நிப்பாங்க, கழுத்துல மெடல், நடுவுல மாஸ்டர், பக்கத்துல சால்வை போட்ட சிறப்பு விருந்தினர், கீழ "தன்னம்பிக்கை வளரும், தைரியம் வரும்"னு ஒரு வரி. அது பொய்னு சொல்ல வரல. ஆனா இந்த ஜியு ஜிட்சுல முதல் ஒரு வருஷத்துல நம்மகிட்ட ஏற்கனவே இருக்கற தன்னம்பிக்கையும் கழண்டு போயிடும், அத யாரும் சேரும்போது சொல்றதில்ல, அதனால தான் ஆர்வமா வந்தவங்கள்ல நிறைய பேர் சத்தமே இல்லாம நின்னுடறாங்க, நின்னுட்டு அவங்க மேலயே கோவப்பட்டுக்கறாங்க. இத பத்தி ஒருத்தராவது எழுதணும்னு தான் இந்த லெட்டர்.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வார்த்தை. இதுல அடி உதை கிடையாது. எதிராளிய கீழ கொண்டு வந்து, மேல அமுக்கி, கைய மடக்கியோ கழுத்த இறுக்கியோ அவரே "போதும்"னு தட்ட வைக்கணும், அதுக்கு பேரு டேப். 1882-ல ஜப்பான்ல ஜிகோரோ கானோ ஜூடோவ ஆரம்பிச்சாரு, அவரோட கோடோகான் பள்ளில படிச்ச மிட்சுயோ மயேடா 1914-ல பிரேசில் போனாரு, அங்க பெலெம் ஊர்ல கார்லோஸ் கிரேசிக்கு சொல்லிக் குடுத்தாரு, அப்புறம் அந்தக் குடும்பமே அத வேற ஒரு ஆட்டமா மாத்திடுச்சு. 1993-ல பல சண்டைக் கலைக்காரங்க ஒருத்தரோட ஒருத்தர் மோதற யுஎஃப்சியோட முதல் போட்டில அந்த வீட்டுப் பையன் ராய்ஸ் கிரேசி ஒல்லியா வந்து ஒரே ராத்திரில மூணு பேர தட்ட வெச்ச பிறகு தான் உலகமே திரும்பிப் பாத்துது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுல ஜூ ஜிட்சு உள்ள வந்துடுச்சு. பேரு தான் வெளிநாடு, ஆளப் பிடிச்சு உருள்றது நமக்குப் புதுசு இல்ல, மாமல்லன்னு பட்டம் வெச்சுக்கிட்ட ராஜா ஆண்ட மண்ணு இது, பக்கத்துல விழுப்புரம் பசங்க மல்லர் கம்பத்துல என்னென்ன பண்றாங்கன்னு உங்க பேப்பரே போட்டுருக்கு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். மத்த கலைகள்ல கொஞ்ச நாள் நமக்கு அவகாசம் இருக்கும், சிலம்பம்னா முதல்ல அடவு, கராத்தேன்னா கட்டா, தனியா நின்னு பண்ணலாம், நல்லா பண்றோம்னு நாமளே நெனச்சுக்கலாம். இதுல சேந்த கொஞ்ச நாள்லயே ரோல் பண்ண விட்டுருவாங்க, அதாவது எதிர்ல இருக்கறவர் நெஜமாவே எதிர்ப்பு காட்டுவாரு, நாம நெஜமாவே மாட்டிக்குவோம். இன்னிக்கு டெக்னிக் சூப்பரா புரிஞ்சுதுன்னு நெனச்சிருப்போம், அஞ்சு நிமிஷ ரவுண்டு ஆரம்பிச்சு முப்பது செகண்ட்ல ஒண்ணுமே தெரியலன்னு தெரிஞ்சுடும். சாக்கு சொல்ல எடமே இல்ல. அதுவும் ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, மாசக்கணக்கா ஒவ்வொரு கிளாசும் அப்படித்தான். ஆபீஸ்ல பதினஞ்சு வருஷ சர்வீஸ், வீட்ல நாலு பேர் நம்ம பேச்ச கேக்கறாங்க, இங்க வந்தா காலேஜ் படிக்கற பொண்ணு கைய பிடிச்சு மடக்கி வெச்சிருக்கு, நாம தட்டிக்கிட்டு இருக்கோம். இதுக்கு மனசு தயாரா இல்லன்னா வீட்டுக்குப் போற வழில கண்ணுல தண்ணி வந்துடும், ஹெல்மெட் இருக்கறதால யாருக்கும் தெரியாது, அவ்ளோ தான்.

அப்புறம் அந்த மூச்சு முட்டற பயம். இத நான் கொஞ்சம் விரிவா சொல்லணும் ஏன்னா நிறைய பேர் நிக்கறதுக்கு இது தான் காரணம், ஆனா வெளிய "டைம் இல்ல"ன்னு சொல்லிடறாங்க. எம்பது கிலோ ஆள் நெஞ்சு மேல உக்காந்தா அதுக்கு மவுண்ட்னு பேரு, போட்டில அந்த பொசிஷனுக்கு 4 பாயிண்ட் குடுக்கறாங்க, அப்ப அது எவ்ளோ மோசமான எடம்னு பாத்துக்கங்க. மே மாசம், கடல் காத்தும் இல்ல, ஃபேன் சுத்தறதே சூடா இருக்கு, போட்டிருக்கற கி, அதாவது அந்த தடிமனான பயிற்சி உடுப்பு, வேர்வைல ஊறி கனமாயிடுச்சு, அவரோட காலர் நம்ம மூஞ்சி மேல, நெஞ்சு விரிய எடமில்ல. அந்த நேரத்துல மூளை கையு காலு டெக்னிக்னு எதையும் யோசிக்காது, செத்துடுவோம்னு மட்டும் தான் யோசிக்கும். உண்மைல மூச்சு கொஞ்சம் கொஞ்சமா வந்துக்கிட்டு தான் இருக்கும், நாமளே பயத்துல இழுத்துப் பிடிச்சு வெச்சுக்கறோம். வேகமா உதறுவோம், உதற உதற சக்தி போகும், போகப் போக பயம் அதிகமாகும். இதுக்கு மருந்து என்னன்னா வெளிய விடற மூச்ச மெதுவா விடறது, முழங்கைய உடம்போட ஒட்டி வெச்சு ஒரு சின்ன இடைவெளி பண்றது, இடுப்ப வளச்சு பக்கவாட்டுல நகர்றது. கடலூர் ஓ.டி. துறைமுகத்துல வலைலேர்ந்து கொட்டின இறால் எப்படி வளஞ்சு துள்ளும், அதே தான். கிளாஸ் ஆரம்பத்துல வார்ம்அப்னு சொல்லி ஹால் நீளத்துக்கு அத பண்ண வைப்பாங்க, எதுக்குன்னு புரியாது, யாராவது மேல உக்காரும்போது தான் புரியும்.

இது பழகிடும், கண்டிப்பா பழகிடும், ஆனா எல்லாருக்கும் ஒரே வேகத்துல பழகாது. சின்ன வயசுல யாராவது கழுத்த பிடிச்சிருக்கலாம், வீட்ல அடி வாங்கி இருக்கலாம், சுனாமில தண்ணிக்குள்ள மாட்டினவங்களும் நம்ம கடற்கரைல இருக்காங்க. அவங்களுக்கு அந்த அமுக்கல் வெறும் விளையாட்டு அமுக்கலா இருக்காது. "எல்லாம் மனசு தான், விடாத, தாங்கு"ன்னு கத்தற கோச் அவங்களுக்கு உதவல, இன்னும் உள்ள தள்றாரு. நல்ல கோச் என்ன பண்றாருன்னா பக்கத்துல உக்காந்து "நீங்க தட்டலாம், இப்பவே தட்டலாம், எந்திரிச்சு தண்ணி குடிச்சுட்டு வாங்க"ன்னு சொல்றாரு, அடுத்த வாரம் மேல படுக்கற ஆள லைட்டா படுக்க சொல்லி கொஞ்சம் கொஞ்சமா வெயிட் ஏத்தறாரு. அப்படி பழகினவங்க நின்னு போகல, நான் பாத்துருக்கேன்.

டேப் பத்தி. ஜிம்ல நாலு வருஷம் உடம்ப ஏத்தி வர்ற தம்பிங்களுக்கு இது தான் பெரிய அடி. அவன விட இருபது கிலோ கம்மியான ஆள் பின்னாடி ஏறி கழுத்துல கைய சுத்திட்டாரு, அவன் முறுக்கிக்கிட்டு தட்ட மாட்டேங்கறான். கழுத்துக்கு ரெண்டு பக்கமும் மூளைக்கு ரத்தம் போற குழாய் இருக்கு, அது அமுங்கினா சில செகண்ட்லயே மயக்கம் வரும், அதுல வீரம் காட்டி ஒண்ணும் ஆகப் போறதில்ல. கை பூட்டுலயும் அப்படித்தான், வலி வர்ற வரைக்கும் காத்திருந்து தட்டலாம்னா சில பூட்டுல வலி வரும்போதே மூட்டு போயிருக்கும். ஆனாலும் தட்ட மாட்டாங்க, ஏன்னா தட்டினா தோத்துட்டோம்னு அர்த்தமாம், அதுவும் பொண்ணுகிட்ட தட்டறதுன்னா கேக்கவே வேணாம். ஒரு தம்பி என்கிட்ட தட்டினான், நான் ஒண்ணும் பெருசா பண்ணல, அவனே வந்து மாட்டினான், அதுக்கப்புறம் அவன் வரவே இல்ல. இன்னொரு வகை இருக்கு, நான் பொண்ணுன்னு பாத்து முதல் ரெண்டு நிமிஷம் கண்ணாடி பாத்திரம் மாதிரி தொடுவாங்க, நாம கொஞ்சம் மேல வந்துட்டோம்னா போதும், திடீர்னு முழு பலத்தையும் போட்டு பிதுக்குவாங்க. இதுல எது மோசம்னு இன்னும் என்னால முடிவு பண்ண முடியல.

நம்ம ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கு. இங்க சொல்லிக் குடுக்கறவர மாஸ்டர்னு கூப்புடறோம், கால தொட்டு கும்புடற வழக்கம் வேற. ஒரு சீனியர் வந்து "வா ரோல் பண்ணலாம்"னா "இன்னிக்கு வேணாங்க"ன்னு சொல்ல வாய் வராது, மரியாதை இல்லாத மாதிரி ஆயிடும்னு பயம். முட்டி வீங்கி இருக்கும், பீரியட்ஸ் வலி இருக்கும், ராத்திரி பூரா புள்ளைக்கு காய்ச்சல்னு தூங்காம வந்திருப்போம், ஆனாலும் போய் படுத்து அடி வாங்குவோம். சில சீனியருங்க அவங்க நாள் சரியில்லன்னா புதுசா வந்தவங்க மேல தான் தீத்துக்கறாங்க. வேணாம்னு சொல்றதும் பயிற்சில ஒரு பாகம்னு முதல் நாளே கோச் எல்லார் முன்னாடியும் சொல்லணும், தனியா காதுல சொன்னா பத்தாது, சீனியருங்க காதுல விழணும்.

பொம்பளைங்களுக்கு வெளில இருக்கற தலைவலி தனி. கழுத்துல செவப்பா தடம், கைல விரல் விரலா கன்னிப் போயிருக்கும். ஆபீஸ்ல ஒரு அக்கா என்ன தனியா கூட்டிட்டு போய் கதவ சாத்திட்டு "வீட்ல ஏதாவது பிரச்சனையாம்மா, சொல்லு, நான் இருக்கேன்"னு கைய பிடிச்சுக்கிட்டாங்க. எனக்கு சிரிப்பும் வந்துது, அழுகையும் வந்துது. எங்க வீட்டுக்காரர் பாவம், தெருவுல அவரத்தான் ஒரு மாதிரி பாக்கறாங்க. எங்க அம்மா போன்ல "ரெண்டு புள்ள பெத்தவ தரைல உருண்டு பொரண்டு என்னத்தடி சாதிக்கப் போற"ன்னு கேப்பாங்க, பதில் சொல்ல மாட்டேன், ஏன்னா அது எனக்கே தெரியாது. இதோட மழைக்காலம் வந்தா கி காயாது, ஈரத்தோட போட்டா படை வரும், படை வந்தா அத மறச்சுக்கிட்டு கிளாசுக்கு வர்றவங்களும் இருக்காங்க, அப்புறம் மொத்த பேட்சும் சொறிஞ்சுக்கிட்டு நிக்கும். படை வந்தா லீவு போடுங்க சாமி, அதுல என்ன வெக்கம்.

அடிபட்டா வர்ற மனசு கஷ்டம் தனிக் கதை. விரல் பிசகினா எனக்கு கீபோர்டு தட்ட முடியாது அவ்ளோ தான், எங்க பேட்ச்ல ஒருத்தர் டூவீலர் மெக்கானிக், இன்னொருத்தர் டெலிவரி ஓட்டறவர், அவங்களுக்கு மணிக்கட்டு போனா அன்னிக்கு வருமானமே போச்சு. சும்மா வீட்ல உக்காந்திருக்கும்போது கூட படிச்சவங்க எல்லாம் முன்னாடி போயிட்டாங்கன்னு தோணும், திரும்ப வந்தா அதே எடத்துல அடிபடுமோன்னு பயமா இருக்கும். நின்னவங்கள்ல பாதி பேர் அடிபட்ட வாரத்துல நிக்கல, ஆறின பிறகு திரும்ப வர்றதுக்கு பயந்து தான் நின்னாங்கன்றது என் கணிப்பு.

அப்புறம் பெல்ட். நம்ம பேரண்ட்ஸ் கராத்தே கிளாசுல மூணு மாசத்துக்கு ஒரு பரீட்சை, ஒரு கலர், ஒரு சர்டிபிகேட்னு பாத்துப் பழகிட்டாங்க. இங்க பெரியவங்களுக்கு கருப்பு வரைக்கும் மொத்தமே வெள்ளை, நீலம், ஊதா, பழுப்பு, கருப்பு அஞ்சு தான். சர்வதேச ஃபெடரேஷன் விதிப்படி 16 வயசுக்கு முன்னாடி நீலமே கிடையாது, நீலத்துல குறைஞ்சது 2 வருஷம், ஊதால ஒன்றரை வருஷம், பழுப்புல 1 வருஷம் இருக்கணும், 19 வயசுக்கு முன்னாடி கருப்பு கிடையாது. இது குறைஞ்சபட்சம் தான், நடைமுறைல கருப்புக்கு பத்து வருஷம் கிட்ட ஆகுது. நடுவுல பெல்ட்ல வெள்ளையா ஒரு கோடு ஒட்டுவாங்க, அத வெச்சு தான் மனச தேத்திக்கணும். சொந்தக்காரங்க "இன்னும் வெள்ளையா, அந்த வீட்டுப் பையன் ஆறாவது படிக்கும்போதே பிளாக் பெல்ட்டு"ன்னு சொல்வாங்க, சிரிச்சுக்கிட்டே டீய குடிக்க வேண்டியது தான். வேடிக்கை என்னன்னா நீலம் வாங்கினவங்க தான் அதுக்கப்புறம் அதிகமா காணாம போறாங்க, இது உலகம் பூரா இந்த ஆட்டத்துல பேசிக்கற விஷயம். வெள்ளைல இருக்கும்போது யாருகிட்ட தட்டினாலும் பரவால்ல, நீலம் கட்டின உடனே புதுசா வந்த வெள்ளைங்க எல்லாம் அவங்கள தட்ட வைக்கணும்னு குறி வெச்சு வரும், கட்டினவங்களுக்கு நமக்கு இது தகுதியான்னு ராத்திரி தூக்கம் வராது.

பெரியவங்களாவது அவங்களா சேந்தது. சின்னப் பசங்கள நெனச்சா தான் எனக்கு கஷ்டமா இருக்கு. ஒரு போட்டிக்கு வேடிக்கை பாக்கப் போயிருந்தேன். எட்டு ஒம்பது வயசுப் பையன், கை மாட்டிக்கிச்சு, வெளிலேர்ந்து அப்பா "தட்டாத, தட்டாதடா, தாங்கு"ன்னு கத்தறாரு. பையன் மேட்ல படுத்துக்கிட்டு எதிராளிய பாக்கல, அப்பாவ பாக்கறான். நல்ல வேளை ரெஃப்ரி நிறுத்திட்டாரு. பசங்க போட்டில ஆபத்தான பூட்டு பல தடை, ரெஃப்ரிக்கு நிறுத்தற அதிகாரமும் இருக்கு, ஆனா வீட்டுக்குப் போற கார்ல அப்பாவ நிறுத்த எந்த ரெஃப்ரி இருக்காரு? அந்தப் பையன் அன்னிக்கு கத்துக்கிட்டது வலிக்குதுன்னு சொன்னா அப்பாவுக்கு பிடிக்காதுன்னு தான். தற்காப்புன்னு சொல்லி தானே சேக்கறோம், வலிக்குது விடுன்னு சொல்லத் தெரியாத புள்ள எப்படி தன்ன காப்பாத்திக்கும்.

இன்னொண்ணு. இன்ஸ்டால "மேட் தான் என் தெரபி"ன்னு ரீல்ஸ் போடறாங்க. நல்லா ரோல் பண்ணிட்டு வந்தா அன்னிக்கு ராத்திரி தூக்கம் பிரமாதமா வரும், ஆபீஸ் டென்ஷன் எல்லாம் மறந்துடும், அத நான் மறுக்கல. ஆனா நெஜமாவே டிப்ரஷன் இருக்கறவங்க, பேனிக் அட்டாக் வர்றவங்க மேட்ட மட்டும் நம்பி இருக்கக் கூடாது. கோச் டாக்டர் கிடையாது. நம்ம ஊர்ல ஜிப்மர் இருக்கு, மனநலப் பிரிவு இருக்கு, 14416-க்கு போன் பண்ணா டெலிமானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி லைன்ல தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. டாக்டர்கிட்ட கேட்டுட்டு கிளாசுக்கும் வாங்க, ரெண்டும் சேந்தே நடக்கட்டும்.

இவ்ளோ சொல்லிட்டு ஏன் இன்னும் போறன்னு கேப்பீங்க. சமீபத்துல ஒரு நாள் அந்த எம்பது கிலோ அண்ணன் மேல உக்காந்திருந்தாரு, தப்பிக்கல, கடைசி வரைக்கும் கீழயே தான் கெடந்தேன், ஆனா மூச்சு சீரா இருந்துது, அடுத்து இடுப்ப எந்தப் பக்கம் நகத்தலாம்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன். ரவுண்டு முடிஞ்சு பெல் அடிச்சப்ப அவரு தான் மூச்சு வாங்கினாரு. வெளில பாக்கறவங்களுக்கு நான் அஞ்சு நிமிஷம் அமுக்கப்பட்டேன், அவ்ளோ தான். இதுக்கு எந்த மெடலும் கிடையாது, உங்க பேப்பர்ல போட்டோவும் வராது.

அதனால உங்க நிருபருங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவ மெடல் செய்தி எடுக்கப் போகும்போது எந்தக் கலையா இருந்தாலும் சரி, மாஸ்டர்கிட்ட இதையும் கேளுங்க: போன வருஷம் சேந்தவங்கள்ல இன்னும் எத்தன பேர் வர்றாங்க, வராதவங்களுக்கு யாராவது போன் பண்ணி என்னாச்சுன்னு கேட்டீங்களா, சேர்க்கும்போது முதல் வருஷம் எப்படி இருக்கும்னு சொன்னீங்களா. அவர் சொல்ற பதில அப்படியே போட்டோவுக்குக் கீழ போட்டுடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
லாஸ்பேட்டை, புதுச்சேரி.